வாசகர் கேள்வி: முதலில் எந்த நாவலை எடுப்பது?

கேள்வி: கோவில் வகுப்பில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றவள். சிறுகதை படித்துவிடுகிறேன், நாவல் என்றால் திணறுகிறேன். அண்மைக்கால நாவல்களில் எதில் தொடங்கலாம்?
— வாசகி, யாங்கோன்

பதில்: பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ (2016). ஒரு கிழவன், ஒரு கிழவி, ஒரு கறுத்த ஆட்டுக்குட்டி. ஆட்கள் குறைவு என்பதால் பெயர் குழம்பாது. வாக்கியங்களும் சின்னவை. கொங்கு வட்டாரச் சொற்கள் வரும், ஆனால் வழி மறிக்காது. குட்டிக்குக் காது குத்திப் பதிவு செய்ய அதிகாரிகள் முன் காத்து நிற்கும் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ஆட்டுக்கதை என்று நினைத்ததெல்லாம் அங்கே மாறிவிடும். நாளைக்குப் பத்துப் பக்கம் போதும். முதல் இரண்டை வாய்விட்டுப் படியுங்கள். தெரியாத சொல்லுக்குக் கோடு போட்டுவிட்டு நகருங்கள். அகராதியை அத்தியாயம் முடிந்தபின் எடுக்கலாம். வரிக்கு வரி நிறுத்தினால் கதை கைநழுவிப் போகும்.

கேள்வி: விருது பெற்ற நாவல் என்று ‘சூல்’ வாங்கினோம். எங்கள் வாசக வட்டத்தில் பாதிப் பேர் நடுவிலேயே விட்டுவிட்டார்கள். ஏன்?
— வாசகர், மோல்மேன்

பதில்: சோ.தர்மனின் அந்த நாவல் 2019இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அருமையான நாவல்தான், ஆனால் முதல் நாவலாக எடுக்கக்கூடியது அல்ல. அதில் தனி நாயகன் இல்லை. உருளைக்குடி என்ற ஊரின் கண்மாய்தான், அதாவது பாசன ஏரிதான், மையம். நாயகனைத் தேடுகிறவர்கள் களைத்துப்போகிறார்கள். கரிசல் பேச்சும் பட்டப்பெயர்களும் சேர்ந்து வேகத்தைக் குறைக்கும். ஒரு தாளில் பெயர், தொழில், உறவு என்று மூன்று பத்தி போட்டுக் குறித்துக்கொண்டே வாருங்கள். மடையைத் திறந்து அடைக்கும் பொறுப்பு மடைக்குடும்பனுடையது என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கண்மாயை ஊரே கூடிப் பேணிய காலமும், அது அரசின் கைக்குப் போனபின் நடப்பதும் அப்போது தெளிவாகப் புரியும். வாரத்துக்கு ஐம்பது பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: பர்மாத் தமிழரைத் தொடும் புதிய நாவல் உண்டா?
— வாசகர், தட்டோன்

பதில்: இமையத்தின் ‘செல்லாத பணம்’ (2018). கதை நடப்பது தமிழ்நாட்டில்தான். பொறியியல் படித்த ரேவதி மணக்கும் ஆட்டோ ஓட்டுநர் ரவி, பர்மாவிலிருந்து அகதியாகப் போன குடும்பத்துப் பையன். இங்கிருந்து போனவர்களை அங்கே எப்படிப் பார்த்தார்கள் என்பதை ரேவதி வீட்டாரின் பேச்சிலேயே கேட்கலாம். 2020க்கான சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. பெரும்பகுதி உரையாடல் என்பதால் வேகமாக ஓடும். ஆனால் கதையின் பெரும்பகுதி தீக்காய மருத்துவமனையில் நடக்கிறது, விவரங்கள் கடுமையானவை. வீட்டில் அண்மையில் துக்கம் நடந்தவர்களுக்கு இப்போது கொடுக்காதீர்கள். வட்டத்தில் படிப்பதானால் பாத்திரத்துக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டு உரக்கப் படியுங்கள். ஒரே பிரதி ஐந்தாறு பேருக்குப் போதும்.