நிலா ஜாடி ஏன் கோணலா இருக்கு? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கொரியப் பாட்டுக் குழு பிடிஎஸ்ல இருக்க ஆர்எம் ஒரு பெரிய வெள்ளை ஜாடியைக் கட்டிப்பிடிச்சிருந்த போட்டோ பாத்தேன். ஜாடி கொஞ்சம் கோணலா வேற இருந்துச்சு. அதுல அப்படி என்ன விசேஷம்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த ஜாடிக்குப் பேரு டல்ஹாங்காரி. கொரிய மொழியில 'டல்'னா நிலா, 'ஹாங்காரி'னா ஜாடி. 17ஆம் நூற்றாண்டு கடைசியிலயும் 18ஆம் நூற்றாண்டுலயும், கொரியாவை ஆண்ட ஜோசன் ராஜாக்கள் காலத்துல, சியோல் பக்கத்துல இருக்க குவாங்ஜு சூளைகள்ல அரண்மனைக்காகச் செஞ்சது (தெற்க இருக்க பெரிய குவாங்ஜு சிட்டி வேற, இது வேற). கோணலுக்குக் காரணம் மண்ணுதாங்க. பீங்கான் மண்ணுல நம்ம பானை மண்ணு அளவுக்கு இழுவை கிடையாது, 40 சென்டிமீட்டருக்கு மேல உயரம் வர்ற உருண்டையை ஒரே மூச்சுல வனைஞ்சா அப்படியே சரிஞ்சு உக்காந்துரும், அதனால ரெண்டு பெரிய கிண்ணமா வனைஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணைக் கவுத்து நடுவுல ஒட்டுவாங்க, அப்புறம் சூளையில 1300 டிகிரி சூட்டுல மண்ணு சுருங்கி இளகும்போது அந்த ஒட்டுல லேசா நகர்ந்துரும். இடுப்புல உத்துப் பாத்தா ஒட்டின தடம் தெரியும். எனக்கு அந்த ஜாடியில ரொம்பப் பிடிச்ச இடமே அதுதான், செஞ்ச விதத்தை அது மறைக்கவே இல்ல பாருங்க.

கேள்வி: இப்பவும் யாராச்சும் செய்றாங்களா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: நல்லாவே செய்றாங்க. ஆர்எம் கிட்ட இருந்தது குவோன் டே-சப் வனைஞ்சது, அவர் அதே குவாங்ஜுலதான் விறகுச் சூளை வச்சு சுடுறார், மனசுக்கு ஒப்பாததை உடைச்சிருவார். பாக் யங்-சூக்னு ஒரு அம்மா இருக்காங்க, அவங்க ஜாடிகளையும் தேடிப் பாருங்க. 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்ல ஜோதி எரிஞ்ச கொப்பரைகூட இந்த உருவம்தான்.

கேள்வி: இவ்ளோ பெரிய பீங்கான் உடைஞ்சா அவ்ளோதானா?
- ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: இதைக் கேட்டதுக்கு ரொம்ப நன்றிம்மா. ஜப்பான்ல நாரா ஊர்ல தோதாய்ஜி கோயில்ல ஒரு நிலா ஜாடி இருந்துச்சு, எழுத்தாளர் ஷிகா நவோயா அங்க இருந்த குருவுக்குக் குடுத்தது. 1995ல ஒரு திருடன் தூக்கிட்டுப் போகப் பாத்தான், மாட்டிக்கிட்டதும் தரையில போட்டு உடைச்சுட்டு ஓடிட்டான். 300 துண்டுக்கு மேல, தூளும் சேத்து. அதை அப்படியே கூட்டி அள்ளி, ஓசாகாவுல இருக்க கீழைநாட்டு மட்பாண்ட மியூசியத்துக்குக் குடுத்தாங்க, அவங்க துண்டு துண்டா பொருத்திட்டாங்க. இப்பவும் அந்த மியூசியம்கிட்டதான் இருக்கு, முழு ஜாடியா.