அண்ணன் வாங்கித் தந்த கேசட்

கேள்வி: ப்ளஸ் டூ படிக்கும்போதிலிருந்து நான் லிங்கின் பார்க் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் ரசிகன். அவர்களின் முதல் ஆல்பம் 'ஹைப்ரிட் தியரி' கேசட்டை அண்ணன்தான் வாங்கித் தந்தார். அவருக்கு அந்தச் சத்தமே பிடிக்காது. பிறகு குழுவின் இசை மாறிக்கொண்டே வந்தது. பாடகர் செஸ்டர் பென்னிங்டன் இறந்தபின் இப்போது எமிலி ஆம்ஸ்ட்ராங் என்ற பெண்ணைப் பாட வைத்திருக்கிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனபோது, ஒன்பதாவது படிக்கும் அவர் மகள் அந்தப் புதுப் பாட்டுகளையே போட்டுக்கொண்டிருந்தாள். "உனக்கெல்லாம் லிங்கின் பார்க்னா என்னன்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன். பேச்சு முற்றிவிட்டது. அதிலிருந்து அங்கே போவதில்லை. பழைய ரசிகனின் வருத்தம் ஏன் யாருக்கும் புரிவதில்லை? – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இந்த வருத்தத்தோடு எனக்கு வரும் கடிதங்களுக்குக் குறைவே இல்லை. பாடகர் பெயர்தான் மாறும்.

முதலில் பாட்டு விஷயத்தை முடித்துவிடுவோம். செஸ்டர் முதல் நாளிலிருந்து இருந்தவரா? ஸீரோ என்ற பெயரில் இந்தக் குழு இருந்தபோது பாடியவர் மார்க் வேக்ஃபீல்ட். அவர் விலகியபின், 1999இல்தான் அரிசோனாக்காரரான செஸ்டர் வந்து சேர்ந்தார். அவரும் இன்னொருவர் இடத்துக்கு வந்தவர்தான். 2007இல் 'மினிட்ஸ் டு மிட்நைட்' ஆல்பம் வந்தபோது, குழுவில் ராப் பாடும் மைக் ஷினோடா இரண்டே பாட்டில்தான் ராப் செய்திருக்கிறார் என்று கோபித்தார்கள். 2010இல் 'எ தௌசண்ட் சன்ஸ்' வந்ததும் கிட்டார் எங்கே என்றார்கள். அதையே தலையில் வைத்துக் கொண்டாடியவர்களும் உண்டு. 2014இல் 'தி ஹண்டிங் பார்ட்டி'யில் கிட்டாரை முழுச் சத்தத்தோடு கொண்டுவந்தார்கள், அப்போதும் எல்லோருக்கும் திருப்தி இல்லை. 2017 மே மாதம் 'ஒன் மோர் லைட்' வந்தது. இது வெறும் பாப், விலைபோய்விட்டார்கள் என்று ஒரே திட்டு. ஜூலையில் செஸ்டர் போய்விட்டார். புற்றுநோயில் இறந்த ஒரு தோழிக்காக எழுதிய அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டே அப்புறம் அவருக்கு அஞ்சலி ஆனது. அந்த மே மாதம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கடிதத்தில் காணவில்லை.

எமிலி பாடி 2024இல் வந்த 'ஃப்ரம் ஸீரோ' ஆல்பம் பிடிக்கவில்லையா? கேட்காதீர்கள். பழைய பாட்டுகளை யாரும் உங்களிடமிருந்து பிடுங்கவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. 'அவருக்கு அந்தச் சத்தமே பிடிக்காது' என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். தனக்குப் பிடிக்காத ஒன்றைத் தன் காசைப் போட்டு வாங்கி வந்து உங்கள் கையில் கொடுத்திருக்கிறார் அந்த மனிதர். நீங்கள் அதைத் தேயத் தேயப் போட்டிருப்பீர்கள். செஸ்டரின் கத்தலை அவர் சாப்பிடும்போதும் கேட்டிருப்பார், தூங்கும்போதும் கேட்டிருப்பார். "இதெல்லாம் ஒரு பாட்டா, இங்கிலீஷாவது புரியுதா உனக்கு?" என்று அன்று அவர் கேட்டிருந்தால் அந்த வயதில் நீங்கள் சுருங்கிப் போயிருப்பீர்கள். அவர் கேட்கவில்லை. (கேட்டிருந்தால் கடிதத்தில் அது இருந்திருக்கும், குறைகளை மறக்கும் பழக்கம் உங்களுக்கு இல்லை.) ஆனால் அவர் மகளிடம் நீங்கள் கேட்டுவிட்டீர்கள். அதுவும் நல்ல நாளில், அவர்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு.

அண்ணன் மகள் என்றால் நமக்கும் மகள்தான். எனக்கு அதில் இரண்டாவது கருத்தே கிடையாது, பழைய காலத்து ஆள் என்று சொன்னாலும் பரவாயில்லை. அப்பாவிடம் சொல்லத் தயங்குவதை ஒரு பெண் பிள்ளை சித்தப்பாவிடம் வந்து சொல்ல முடிய வேண்டும். ஒரு பாட்டைக்கூட நிம்மதியாகக் கேட்கவிடாதவரிடம் நாளைக்கு அவள் எதைச் சொல்வாள்? இதில் நீங்கள் அந்த வீட்டுக்குப் போவதில்லையாம்! கோபித்துக்கொள்ளும் உரிமை அவளுக்குத்தான் இருந்தது. அதையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை போங்கள். அண்ணனை இடையில் தூது விடாதீர்கள். நேராக அவளிடமே "அன்னிக்கு நான் பேசினது தப்பு" என்று சொல்லுங்கள். பின்னாலேயே 'ஆனா' என்று இழுக்கக் கூடாது. அவளுக்குப் பிடித்த பாட்டைப் போடச் சொல்லி, முகம் சுளிக்காமல் முடியும்வரை கேளுங்கள். எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டால் பிடிக்கவில்லை என்றே சொல்லலாம், பொய் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம், இத்தனை நாள் கழித்துப் போகிறீர்கள், வெறுங்கையோடு போய் நிற்காதீர்கள்.