முகப்படங்களைத் திருத்துதல்: கேள்வி பதில்

கேள்வி: ஃபோட்டோஷாப்பில் பருக்களை நீக்குவதற்கு ஹீலிங் பிரஷ், குளோன் ஸ்டாம்ப் ஆகிய இரண்டில் எது நல்லது?

பதில்: கன்னம், நெற்றி போன்ற பரப்புகளுக்கு ஹீலிங் பிரஷே ஏற்றது. குளோன் ஸ்டாம்ப் ஓரிடத்துப் பிக்சல்களை அவற்றின் நிறத்தோடும் வெளிச்சத்தோடும் அப்படியே கொண்டுவந்து வைத்துவிடும். ஹீலிங் பிரஷோ தோலின் நுண்ணமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, நிறத்தையும் ஒளியையும் திருத்தப்படும் இடத்துக்கு ஏற்பப் பொருத்திக்கொள்ளும். ஆனால் பரு தலைமுடியின் ஓரத்திலோ உதட்டின் விளிம்பிலோ இருந்தால், ஹீலிங் பிரஷ் பக்கத்து இருட்டையும் இழுத்துக் கலந்து மங்கிய கறையை உண்டாக்கும். அத்தகைய இடங்களில் குளோன் ஸ்டாம்ப்தான் கைகொடுக்கும். எதைப் பயன்படுத்தினாலும், சாம்பிள் என்ற இடத்தில் ‘கரண்ட் அண்ட் பிலோ’ என்பதைத் தேர்ந்து, புதிய வெற்று லேயரில் (படத்தின்மேல் வைக்கும் தனி அடுக்கில்) வேலை செய்யுங்கள், மூலப்படம் கெடாது.

கேள்வி: ப்ளர் செய்தால் (மங்கலாக்கினால்) முகம் பிளாஸ்டிக் பொம்மை போல ஆகிவிடுகிறது. வேறு வழி உண்டா?

பதில்: ப்ளர் தோலின் நுண்துளைகளையும் மெல்லிய ரோமங்களையும் சேர்த்தே அழித்துவிடுகிறது. உண்மையில் கண்ணை உறுத்துவது துளைகள் அல்ல, திட்டுத் திட்டான வெளிச்சமும் நிழலுமே; ஆகவே இடமிடமாக வெளிறச் செய்தும் இருளச் செய்தும் திருத்தும் டாட்ஜ் அண்ட் பர்ன் முறையைப் பரிந்துரைப்பேன். 50 சதவீதச் சாம்பல் நிறம் நிரப்பிய லேயரை சாஃப்ட் லைட் என்ற கலப்பு முறையில் வைத்தால் படத்தில் எந்த மாற்றமும் தெரியாது. அதன்மேல் மென்மையான பிரஷால், ஃப்ளோவை (நிறம் பாயும் அளவை) 2 அல்லது 3 சதவீதமாக வைத்து, இருண்ட திட்டுகளில் வெள்ளையையும் மினுங்கும் இடங்களில் கறுப்பையும் சிறிது சிறிதாகப் பூசலாம். மூக்கோரத்திலிருந்து வாய்ப்பக்கம் இறங்கும் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இருண்ட மடிப்பை மட்டும் வெளிறச் செய்தால் ஆழம் குறையும், துளைகளோ அப்படியே இருக்கும். கோட்டையே துடைத்துவிட்டால், சிரிக்கும் முகத்தில் கன்னம் எதனால் உயர்ந்தது என்றே விளங்காமல் போகும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் குறுக்குவழி எதுவும் இதற்கு ஈடாகாது.

கேள்வி: ஃபிரீக்வென்சி செப்பரேஷனில் 8 பிட், 16 பிட் படங்களுக்கு அமைப்புகள் ஏன் மாறுகின்றன?

பதில்: ஃபிரீக்வென்சி செப்பரேஷன் என்பது தோலின் நுண்ணமைப்பையும் நிறம், ஒளி ஆகியவற்றையும் தனித்தனி லேயர்களாகப் பிரிக்கும் முறை; பிட் என்பது நிறங்களின் அளவு எவ்வளவு நுட்பமாகப் பதிவாகிறது என்பதைக் குறிக்கும். படத்தின் இரண்டு நகல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கீழ் லேயரில் துளைகள் மறையும் அளவுக்கு மட்டும் காஸியன் ப்ளர் கொடுத்தபின், மேல் லேயரில் அப்ளை இமேஜ் என்ற கட்டளை மூலம் அந்தக் கீழ் லேயரைக் கழிக்கிறோம். 8 பிட்டில் சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128. 16 பிட்டில் இன்வர்ட் குறியிட்டு ஆட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 0. கணக்கிடும் துல்லியம் வேறுபடுவதால்தான் இந்த மாற்றம். மேல் லேயரை லீனியர் லைட் என்ற கலப்பு முறைக்கு மாற்றியதும் படம் மூலப்படம் போலவே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எண்களைச் சரிபாருங்கள். கிம்ப் என்ற வேறொரு மென்பொருளின் 2.10 பதிப்பைப் பயன்படுத்துவோர் வேவ்லெட் டீகம்போஸ் என்ற வசதி மூலம் இத்தகைய பிரிப்பை எளிதாகப் பெறலாம்.

கேள்வி: பற்களை வெண்மையாக்குவது எப்படி?

பதில்: ஹியூ சாச்சுரேஷன் என்ற நிறத் திருத்த வசதியில் மஞ்சளை மட்டும் தேர்ந்து செறிவைக் குறைத்து, மாஸ்க் (பிற இடங்களை மறைக்கும் வசதி) மூலம் பற்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெளிச்சத்தைக் கூட்டுவது மிகச் சிறிதளவே இருக்கட்டும்.

கேள்வி: மச்சத்தை நீக்கலாமா?

பதில்: படத்துக்கு உரியவர் கேட்டாலொழிய வேண்டாம். சில வாரங்களில் தானாக மறைந்துவிடக்கூடிய பரு, கீறல் ஆகியவற்றைக் கேட்காமலே நீக்கலாம்.

கேள்வி: திருத்தம் அளவு மீறிவிட்டதா என்று எப்படி அறிவது?

பதில்: பெரிதாக்கிப் பார்த்தபடியே நெடுநேரம் திருத்துவோருக்கு அது தெரியாது. முழு முகமும் திரையில் அடங்கும்படி அவ்வப்போது சிறிதாக்கி, திருத்த லேயர்களை ஒரே குழுவாக்கி, குழுவின் பக்கத்திலுள்ள கண் குறியை அழுத்தி முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். ஆளே மாறியதாகத் தோன்றினால், குழுவின் ஒப்பாசிட்டியை (ஒளிபுகாத் தன்மையை) 60 அல்லது 70 சதவீதத்துக்கு இறக்குங்கள்.