சார்ஜென்ட் எங்கே போனார்?

கேள்வி: ராணுவத்தில் மேஜர், லெப்டினன்ட்டுக்கு மேலதிகாரி. ஆனால் மேஜர் ஜெனரலோ லெப்டினன்ட் ஜெனரலுக்குக் கீழே இருக்கிறார். மேஜர் என்றால் பெரியவர்தானே? ஏன் இந்தத் தலைகீழ்?

பதில்: உங்கள் 'தானே'யில்தான் சிக்கல். லத்தீனில் மேஜர் என்பதற்கு 'மேலும் பெரிய' என்று பொருள். யாரைவிட என்று சொல்லாமல் அந்தச் சொல் நிற்காது. பதினாறாம் நூற்றாண்டில் அது 'சார்ஜென்ட் மேஜர்' என்று, சார்ஜென்ட்டுகளுக்குள் பெரியவரைக் குறித்தது. சார்ஜென்ட் என்ற சொல்லோ, ஊழியம் செய்பவரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ரெஜிமென்ட்டில் கர்னலுக்கும் லெப்டினன்ட் கர்னலுக்கும் அடுத்து நின்ற இந்த அதிகாரியின் வேலையை முழுப் படைக்கும் செய்தவர் 'சார்ஜென்ட் மேஜர் ஜெனரல்' ஆனார். அங்கே ஜெனரல் என்பது 'முழுமைக்கும் பொதுவான' என்னும் வெறும் அடைமொழிதான்.

லெப்டினன்ட் என்பவர் பிரெஞ்சுச் சொல்லின்படி ஒருவருடைய இடத்தில் இருப்பவர், அதாவது பதிலாள். கேப்டனின் பதிலாள் மேஜருக்குக் கீழே நிற்பதும், ஜெனரலின் பதிலாள் சார்ஜென்ட் மேஜர் ஜெனரலுக்கு மேலே நிற்பதும் நியாயம்தானே? 1645இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் அமைத்த புதிய படைக்கு ஃபேர்ஃபேக்ஸ் தலைவர். குரோம்வெல் குதிரைப்படையின் லெப்டினன்ட் ஜெனரல். ஸ்கிப்பன் காலாட்படையின் சார்ஜென்ட் மேஜர் ஜெனரல். பத்தாண்டுகள் கழித்து, 1655இல், நாட்டின் ஆட்சித் தலைவராகிவிட்ட அதே குரோம்வெல் நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒப்படைத்தபோது பொறுப்பேற்றவர்கள் வெறும் மேஜர் ஜெனரல்கள், சார்ஜென்ட்டைக் காணோம்!

நம் ஊர்த் திருவிழா அழைப்பிதழ்களை உற்றுப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. 'செயலாளர்' என்பது தேர் போல நிற்க, அதற்கு முன்னால் 'துணை' என்பது தேர்ச்சக்கரத்தில் சிக்கிய எறும்பு போலக் கிடக்கும். அடுத்த ஆண்டு எறும்பும் இராது. அச்சுக்காரரைக் கேட்டால் இடம் போதவில்லை என்பார். ஊழியர் என்னும் வாசனையுள்ள சொல்லுக்கு எந்தப் படையிலும் இடம் போதாது போலும். ஆனாலும் உதிர்ந்த பட்டம் வீணாகவில்லை. கமிஷன், அதாவது அதிகாரி என்னும் நியமன ஆணை, பெறாத அதிகாரிகளில் மூத்தவருக்குப் பின்னாளில் 'சார்ஜென்ட் மேஜர்' என்ற பெயரைக் கொடுத்தார்கள். நம் படையின் ஹவில்தார் மேஜர் அவருடைய உறவினர்.

இதைப் படித்ததும், கர்னல் என்று எழுதும்போதெல்லாம் 'கலோனல்' என்று திருத்தி அனுப்பும் நண்பர் பேனாவைத் திறப்பார். அவருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். படை வரிசையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லின் வழிவந்த 'கொலொனெல்லோ', பிரெஞ்சில் 'கொரொனெல்' ஆனது. ஆங்கிலேயர் முதலில் பிரெஞ்சு வடிவத்தையே எடுத்துக்கொண்டு, பிறகு இத்தாலிய மூலத்தைப் பார்த்து எழுத்தை மட்டும் திருத்தினார்கள், வாயைத் திருத்தவில்லை. நாம் வாயைத்தான் எழுதுகிறோம். அடுத்த கடிதத்தையாவது அவர் ஆங்கிலேயருக்கு அனுப்பட்டும்.