இரண்டு பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைத்துவிட்டது, தூக்கம்தான் போய்விட்டது!

அன்புள்ள மேடம்,

எனக்கு 20 வயது. கல்லூரியில் இரண்டு வருடம் முடித்துவிட்டேன். கணினி அறிவியலில் சேர்ந்தவள். போகப் போக மனம் புள்ளியியல் பக்கம் சாய்ந்துவிட்டது. நான் படிக்கும் இடத்தில் அந்தத் துறையே கிடையாது. அதனால் மூன்றாம் ஆண்டுக்கு வேறு பல்கலைக்கழகம் மாற விண்ணப்பித்தேன். இரண்டு இடங்களில் கிடைத்திருக்கிறது. ஒன்று கிடைக்காமல் போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்றுகூடத் தோன்றுகிறது.

முதலாவது பெரிய பெயர். சொன்னாலே எல்லோருக்கும் தெரியும். ஆனால் நான் படித்த சில பாடங்களைத் துறைப் பாடமாக ஏற்காமல், விருப்பப்பாடக் கணக்கில் போட்டுவிட்டார்கள். ஒரு செமஸ்டர் கூடுதலாக ஆகலாம். இரண்டாவது அவ்வளவு பிரபலம் இல்லை. பாடங்கள் அத்தனையையும் ஏற்றுக்கொண்டார்கள், கட்டணச் சலுகையும் உண்டு. நான் கேட்ட சந்தேகத்துக்குத் துறைப் பேராசிரியரே நீளமாகப் பதில் எழுதியிருந்தார்.

"பெயர்தான் கடைசி வரைக்கும் கூட வரும்" என்கிறார் அப்பா. "உனக்கு எது பிடிக்குதோ அதைச் செய்" என்கிறார் அம்மா. எது பிடித்திருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. எக்செல்லில் அட்டவணை போட்டு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்துப் பார்த்தேன். இரண்டாவது ஜெயிக்கும்போதெல்லாம் மதிப்பெண்களை மாற்றிவிடுகிறேன். முதலாவது ஜெயித்தாலும் சந்தோஷம் வருவதில்லை. ராத்திரி தூக்கமும் இல்லை. ஏற்கெனவே ஒரு தடவை மாறுகிறேன். இதுவும் சரிவரவில்லை என்றால் இன்னொரு தடவை மாற முடியாதே என்ற பயம்தான் பெரிதாக இருக்கிறது. என்ன செய்யட்டும் மேடம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த எக்செல் அட்டவணை பற்றிய வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இரண்டாவது ஜெயித்தால் மதிப்பெண்ணைத் திருத்துகிறீர்கள் என்பதை வைத்து, 'உங்கள் மனசு முதலாவதில்தான் இருக்கிறது' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அப்படி இருந்தால் முதலாவது ஜெயித்த ராத்திரியாவது நன்றாகத் தூங்கியிருப்பீர்கள். பிசகவே வாய்ப்பில்லாத முடிவு ஒன்றைத் தேடுகிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அதை எந்த அட்டவணையும் தராது.

ஒன்று செய்து பாருங்கள். எங்கே படிக்கிறாய் என்று இனி யாருமே கேட்கப்போவதில்லை என்று ஒரு நாள் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்கள், பழைய தோழிகள், யாரும். அப்போதும் முதலாவதை விட மனம் வரவில்லை என்றால் உங்களுக்கு அங்கே உண்மையிலேயே ஏதோ வேண்டியிருக்கிறது. அது என்னவென்று எழுதுங்கள். ஆசை சட்டென்று வடிந்துவிட்டால், அது மற்றவர்களுக்குப் பதில் சொல்வதற்காக வந்த ஆசை.

அப்பா சொல்வதை ஒதுக்கச் சொல்லமாட்டேன். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள், அமெரிக்காவில் 1976இல் கல்லூரியில் சேர்ந்தவர்களின் பிற்கால வருமானத்தை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். பெயர்பெற்றதும் மற்றதுமாக ஏறக்குறைய ஒரே மாதிரிக் கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களில், பெயர்பெற்ற இடத்துக்குப் போனவர்களும் அதை விட்டுவிட்டு வேறிடம் போனவர்களும் சராசரியாக ஏறக்குறைய ஒரே அளவுதான் சம்பாதித்திருந்தார்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பெயர்பெற்ற இடம் கூடுதல் பலன் தந்திருந்தது. ஒரு நாட்டின் ஒரு தலைமுறைக் கணக்குதான் இது. இருந்தாலும், கைதூக்கிவிட ஆளில்லாத குடும்பம் என்றால் அப்பாவின் பேச்சுக்கு எடை அதிகம். 'பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று பயப்படுகிறீர்கள் அப்பா?' என்று ஒரு முறை கேளுங்கள். அவர் சொந்த வாழ்க்கையில் பட்டது ஏதாவது அதில் இருக்கலாம்.

இனி உங்கள் கணக்கு. முதல் வருடத்திலிருந்தே இருப்பவருக்கும், பாதியில் வந்து சேருபவருக்கும் ஒரே பல்கலைக்கழகம் ஒரே மாதிரி இருக்காது. நீங்கள் உள்ளே நுழையும்போது நண்பர் கூட்டங்கள் அமைந்திருக்கும், பேராசிரியர்களுக்கு மற்றவர்களின் முகம் பழகியிருக்கும். மேற்படிப்புக்குப் போவதென்றால் கடைசி வருடத் தொடக்கத்திலேயே பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டிவரும். அதாவது, உங்களைப் பற்றி நாலு வரி மனதார எழுதும் அளவுக்கு ஒரு ஆசிரியர் உங்களை அறிந்துகொள்ள ஏறக்குறைய ஒரு வருடம்தான் இருக்கிறது. நூற்றுக்கணக்கானோர் உட்காரும் வகுப்பில் அது நடக்கலாம், ஆனால் நீங்களே வலியப் போய்ப் பேச வேண்டும். அந்தப் பேராசிரியரின் நீளமான பதிலுக்கு உங்கள் அட்டவணையில் ஒரு கட்டமாவது கொடுத்தீர்களா? அதற்காக ஒரே ஒரு மின்னஞ்சலை நம்பியும் முடிவெடுக்காதீர்கள். இரண்டு இடத்திலும், உங்களைப் போலவே பாதியில் வந்து சேர்ந்த மாணவர் ஒருவரிடம் பேசச் சொல்லிக் கேளுங்கள்.

கல்லூரி மாறியவர்களுக்கு முதல் செமஸ்டரில் மதிப்பெண் கொஞ்சம் இறங்குவது அடிக்கடி நடப்பதுதான். கல்வி ஆய்வாளர்கள் இதற்கு 'ட்ரான்ஸ்ஃபர் ஷாக்' என்று பெயர் வைத்து 1960களிலிருந்தே எழுதுகிறார்கள். பலர் பிறகு மீண்டுவிடுகிறார்கள். ஆனால் கட்டணச் சலுகைக்கு மதிப்பெண் நிபந்தனை இருந்தால், அந்தச் சறுக்கலே சலுகையைப் பறித்துவிடலாம். நிபந்தனை என்ன, கடைசி வரை சலுகை தொடருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலாவதிலும், ஏற்காத பாடங்களின் பாடத்திட்டத்தை அனுப்பி மறுபடி பரிசீலிக்க முடியுமா என்று கேளுங்கள். அங்கே ஒரு செமஸ்டர் மிச்சமானால் கணக்கே மாறும். மாறாவிட்டால், நீங்கள் எழுதியதை வைத்து என் சாய்வு இரண்டாவது பக்கம்தான்.

இன்னொரு தடவை மாற முடியாதே என்று பயப்படுகிறீர்கள். டேனியல் கில்பர்ட், ஜேன் எபர்ட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் ஹார்வர்டில் புகைப்படக் கலை பயின்ற மாணவர்களை வைத்து ஒரு ஆய்வு செய்து, 2002இல் வெளியிட்டார்கள். தாங்கள் எடுத்த படங்களில் ஒன்றை அந்த மாணவர்கள் வைத்துக்கொள்ளலாம். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டவர்களைவிட, மாற்றவே முடியாது என்று சொல்லப்பட்டவர்களுக்குத்தான் தங்கள் படம் அதிகம் பிடித்துப்போனது. முடிவானதோடு ஒத்துப்போக மனசுக்குத் தெரியும். கதவு திறந்தே இருந்தால்தான் அலையும்.

அதனால் முடிவெடுத்த பிறகு மறுயோசனைக்கு இடம் வைக்காதீர்கள். சம்மதம் அனுப்பும் அன்றே மற்ற இடத்துக்கும் நன்றி சொல்லி, வரவில்லை என்று எழுதிவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் யாருக்காவது அந்த இடம் கிடைக்கும். அதற்குப் பிறகும் தூக்கம் வராவிட்டால், தள்ளிப்போடாமல் நேரில் ஒரு ஆலோசகரைப் போய்ப் பாருங்கள்.