விடுப்பில் வரும் ராணுவ வீரருக்கு ரயிலில் தனிச் சலுகை உண்டா?

உண்டு. ஆனால் 'ராணுவம்' என்று சொன்னதுமே படுக்கை கிடைத்துவிடாது. ஆண்டு விடுப்பில் ஊர் வருபவருக்குப் படைப்பிரிவு ரயில்வே வாரண்ட் தருகிறது. அது டிக்கெட் அல்ல. கவுண்டரில் கொடுத்து டிக்கெட்டாக மாற்ற வேண்டிய சீட்டு. பெரிய நிலையங்களில் இருக்கும் எம்.சி.ஓ. எனும் ராணுவப் போக்குவரத்து அலுவலகம், பாதுகாப்புத் துறை ஒதுக்கீட்டில் இடம் பெற உதவும்.

சிக்கல் நாள் கணக்கில்தான். முன்பதிவு 60 நாள் முன்பே திறந்து, பண்டிகைக் காலத்தில் நொடியில் நிரம்பிவிடுகிறது. எல்லையில் நிற்பவருக்கோ விடுப்பு உறுதியாவதே பல நேரம் கடைசியில். ஒதுக்கீடும் தீர்ந்தால் காத்திருப்போர் பட்டியல். அதனால்தான் ஜம்முவிலிருந்து சென்னை வரும் வண்டியில், பெயரும் படை எண்ணும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியைக் கழிவறையோரம் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்து இரவைக் கழிப்பவர்களைப் பார்க்கிறோம்.

சக பயணிகளா? பெட்டி வழியை மறைக்கிறது என்று முறைப்பவரும் உண்டு. "இப்படி உட்காருங்க தம்பி" என்று கால் மடக்கிக்கொள்ளும் பெரியவரும் உண்டு. மேடையில் வீரவணக்கம் சொல்வதைவிட இது கொஞ்சம் கடினம்.

பரம்வீர் சக்கரம் போன்ற வீர விருது பெற்றவர்களுக்கு இலவச பாஸ் தனி. போரில் கணவரை இழந்தவர்களுக்கும் 2020 வரை கட்டணச் சலுகை இருந்தது.