எர்த் லீக்கேஜைத் தொடாதீர்கள்: வாசகர் கேள்வி-பதில்

சாட்ஸ்வொர்த் வாசகி: பிரியாணிக்கு எவர்சில்வர் பாத்திரம் வாங்கினேன். பழைய அலுமினியத்தில் பிடிக்காத அடி, இதில் பிடிக்கிறதே?

எவர்சில்வர் வெப்பத்தைக் கடத்துவதில் மகா மந்தம். செம்புக்கு 400 என்றால் அலுமினியத்துக்கு 240, எவர்சில்வருக்கு வெறும் 15. சுவாலை பட்ட இடம் கருகும், ஓரம் வேகாது. அடியில் அலுமினியத் தகடு பதித்த பாத்திரமாகப் பார்த்து வாங்குங்கள்.

டொங்காட் வாசகர்: மின்கடத்திகளில் தங்கம்தானே முதலிடம்?

இல்லை. வெள்ளி, செம்பு, அதற்குப் பிறகே தங்கம். கறுக்காது என்பதால் இணைப்பு முனைகளில் பூசுகிறார்கள்.

பீனிக்ஸ் வாசகர்: மழை பெய்தால் எர்த் லீக்கேஜ் (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துகொண்டே இருந்தது. மைத்துனர் அதை விலக்கிவிட்டு நேராக இணைத்துக் கொடுத்தார். இப்போது கீசர் குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. குழாயை மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டியது குழாயை அல்ல. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

மாதம் தவறாமல் இப்படி ஒரு கடிதம் வருகிறது. எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று பார்ப்பதுதான் எர்த் லீக்கேஜின் வேலை. சுமார் 30 மில்லி அம்பியர் குறைந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். சாதாரண பிரேக்கர் 20 அம்பியர் வரை வாய் திறக்காது. அது காப்பது கம்பியை, உங்களை அல்ல. 100 மில்லி அம்பியர் மார்பு வழியே பாய்ந்தால் இதயம் நின்றுவிடலாம்.

மழையில் விழுகிறது என்றால் எங்கோ ஈரம் புகுந்திருக்கிறது. டர்பன் கடற்காற்றில் உப்பு படிந்த வெளிவிளக்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள், முனைகளில் பச்சைப் பாசி போலக் களிம்பு ஏறியிருக்கும். அந்த உப்பு ஈரமே நல்ல மின்கடத்தி. உங்கள் வீட்டில் கீசர் எலிமென்ட்டும் வெடித்திருக்கலாம், எர்த் கம்பியும் அறுந்திருக்கலாம். பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இந்த நிலையில் வீட்டை விற்கப் போனால் மின் இணக்கச் சான்றிதழும் கிடைக்காது. மைத்துனருக்கு விருந்து போடுங்கள், ஸ்க்ரூடிரைவரை மட்டும் கொடுக்காதீர்கள்.

இசிப்பிங்கோ வாசகர்: தீமிதியில் கால் சுடாததற்கு வெப்பக்கடத்தல்தான் காரணம் என்கிறான் பேரன். சரியா?

பெரும்பாலும் சரி. மரக்கரியும் சாம்பலும் வெப்பத்தை மெல்லத்தான் கடத்தும், பாதமும் கணநேரமே படுகிறது. அதே சூட்டில் இரும்புத் தகடு என்றால் தோல் உரிந்துவிடும். நேர்த்திக்கடனைப் பற்றிப் பூசாரியைக் கேளுங்கள்.

வெருலம் வாசகி: செம்புக் கம்பியையும் அலுமினியக் கம்பியையும் முறுக்கி டேப் சுற்றலாமா?

கூடாது. ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும், இணைப்பு தளர்ந்து சூடேறும். இரண்டுக்கும் பொருந்தும் இணைப்பான் கடையில் கிடைக்கும். மாட்டும்போது மெயின் சுவிட்ச் அணைந்திருக்கட்டும்.